எட்டாவது உருப்படி

அவளைத் தெருவில் எல்லோரும் மைக்காரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். வலது ஆள்காட்டி விரலின் நகக்கண்ணில் எப்போதும் கறுப்பு ஒட்டியிருக்கும். சலவைக்கு வரும் துணிகளில், வீட்டுக்கு ஒரு குறியாக, அழியாத மையால் போட்டு வைப்பது பதினோரு வயதிலிருந்து அவள் வேலை. சட்டை என்றால் காலரின் உள்பட்டை. கால்சட்டை என்றால் இடுப்புப் பட்டியின் இடது ஓரம். விரிப்பு என்றால் மூலை மடிப்பு. வெளியே தெரியக்கூடாது, தேடினால் கிடைக்காமலும் போகக்கூடாது.

எட்டாம் வகுப்போடு படிப்புக்கு முழுக்குப் போட்டவள்தான். ஆனாலும் முந்நூறு வீட்டுக் குறிகளை நோட்டைப் பார்க்காமல் சொல்வாள். யாராவது வந்து, "போன வாரம் ஒரு துண்டு வரலையே..." என்று இழுத்தால் நோட்டை எடுத்து அவர் முன்னால் விரித்துப் போடுவாள். வாங்கிய தேதி, உருப்படி, நிறம், கிழிசல் இருந்தால் எங்கே கிழிசல், திருப்பிக் கொடுத்த தேதி, கடைசியில் ஒரு டிக். டிக் இருந்தால் துணி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். அதற்கு மேல் பேச்சு கிடையாது. துண்டும் பெரும்பாலும் அவர்கள் வீட்டுக் கட்டிலுக்கு அடியில்தான் கிடக்கும்.

அவளுக்கு இருந்த இன்னொரு பெருமை தம்பி. அம்மா போனபோது அவனுக்கு ஏழு வயது, இவளுக்குப் பதினாறு. தலைவாரிப் பள்ளிக்கூடம் அனுப்பியதிலிருந்து சட்டக் கல்லூரியில் கொண்டுபோய் விட்டது வரை எல்லாம் இவள்தான். இப்போது அவன் பெரிய வக்கீல். நீதிபதி பதவிக்கான பட்டியலில் பேர் இருக்கிறதாம்.

"என்ன மைக்காரம்மா, தம்பி ஜட்ஜாகப் போறாராமே? இனிமே எங்க துணியெல்லாம் உங்க கண்ணுக்குத் தெரியுமா?" என்று எதிர்வீட்டு டெய்லர் சீண்டுவார்.

"உங்க துணி தெரியாம எப்படிங்க? காலர் அழுக்கே கூப்பிட்டுச் சொல்லுமே" என்பாள்.

அந்தத் தம்பி ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கடை மாடியிலிருந்த அவள் வீட்டுக்குப் படியேறி வந்தான். கக்கத்தில் தடிமனான ஒரு காகிதக் கட்டு.

"அக்கா, ஒரு கேஸ் எடுத்திருக்கேன். கேட்டா குதிப்ப."

"இந்த வயசுல குதிச்சா முட்டி கழண்டுடும். உக்காந்து சொல்லு."

"எடைக்காரர் கேஸ்."

அவள் தண்ணீர்ச் செம்பை அவன் கையில் கொடுக்காமல் மேசை மேல் வைத்தாள்.

முப்பத்துநாலு வருஷத்துக்கு முந்தைய கொலை அது. ஊர்க் கோடியில் ஒரு தானியக் கிடங்கு. அதன் மேனேஜரை யாரோ அவர் அறையிலேயே இரும்பு எடைக்கல்லால் மண்டையில் அடித்துக் கொன்றுவிட்டார்கள். கிடங்கில் எடை போடும் வேலையில் இருந்தவருக்கும் மேனேஜருக்கும் முதல்நாள்தான் வாய்ச்சண்டை. பின்பக்கச் சாக்கடையில் ரத்தக் கறையோடு ஒரு நீலக் கோடு போட்ட சட்டை கிடைத்தது. காலரில் இரண்டு புள்ளியும் ஒரு கொக்கியும். எடைக்காரர் வீட்டுக் குறி. இருட்டும் நேரத்தில் நீலக் கோட்டுச் சட்டைக்காரர் ஒருவர் உள்ளே போனதை முதுகுப்பக்கமிருந்து பார்த்ததாகக் காவலாளி சொன்னான். எடைக்காரருக்கு ஆயுள் தண்டனை. பதினோராவது வருஷம் சிறையிலேயே செத்துப் போனார்.

"அவரோட மகள் வந்தாங்க. அப்பா செத்தாலும் பேரு சாகக்கூடாது, தீர்ப்பை மாத்திக் குடுங்கன்னு கேக்கறாங்க. நான் சும்மா விடுவேனா? நம்ம கடை சம்பந்தப்பட்ட கேஸ். அன்னைக்கு ஜட்ஜ் உன் நோட்டைப் பாத்துட்டு, இவ்வளவு சுத்தமான நோட்டை நான் பாத்ததே இல்லன்னு சொன்னாரே, அதைக் கேட்டுக் கேட்டுத்தானே நான் வக்கீலே ஆனேன்!"

"இப்ப நான் என்ன பண்ணணும்?"

"அந்தச் சட்டை சலவைக்குப் போட்டது திரும்பி வரவே இல்லன்னு எடைக்காரர் கடைசிவரைக்கும் சொல்லியிருக்கார். அவரை மாட்டிவிட்டது உன் டிக் ஒண்ணுதான். கை தவறி டிக் போட்டிருக்கலாம்னு நீ ஒரு வார்த்தை சொன்னா போதும். உனக்கு அது வாயில வராதுன்னு தெரியும்." சிரித்தான். "ஒரே ஒரு தப்புதான்க்கா. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு, மிச்சத்தை நான் பாத்துக்கறேன்."

"கேஸ் கட்டை வெச்சிட்டுப் போ. படிச்சுப் பாக்கறேன்."

அவன் போனபிறகு கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தாள்.

சலவைக் கடைகளில் வெளியே சொல்லாத ஒரு பழக்கம் உண்டு. வெளுக்க வந்த நல்ல துணியைத் தாங்கள் ஒருநாள் போட்டுக்கொண்டு, பிறகு இன்னொரு தடவை வெளுத்துக் கொடுத்துவிடுவார்கள். அப்பா கடையில் அதற்கும் ஒழுங்கு இருந்தது. பக்கத்துத் தெரு ஆளின் துணியைத் தொடக்கூடாது. வெயிலில் நடக்கக்கூடாது. சாப்பிடும்போது கழற்றி வைத்துவிட வேண்டும். தம்பி பேச்சுப் போட்டியில் பரிசு வாங்கிய படத்தில் போட்டிருப்பது யாரோ ஒரு டாக்டர் மகனின் சட்டை. அந்தப் படத்தைப் பார்த்து அக்காவும் தம்பியும் எத்தனையோ தடவை சிரித்திருக்கிறார்கள்.

அம்மா அந்தக் கிடங்கில் தானியம் புடைக்கப் போய்க்கொண்டிருந்தாள். ஒருநாள் மேனேஜர் அவளை அறைக்குக் கூப்பிட்டு, திருடி, இனிமேல் இந்தப் பக்கம் தலைகாட்டாதே என்று சொல்லி அனுப்பிவிட்டார். உடம்பு முடியவில்லை, அதனால் நின்றுவிட்டேன் என்று அம்மா எல்லோரிடமும் சொன்னாள். அப்பாவிடம் மட்டும் உண்மையைச் சொல்லி அழுததைத் தடுப்புக்கு இந்தப் பக்கம் படுத்திருந்த மகள் கேட்டுவிட்டாள். படுத்த அம்மா எழுந்திருக்கவில்லை. எட்டு மாதத்தில் போய்விட்டாள்.

திருடி என்று சொன்ன வாயால், இல்லை என்று ஒரு தடவை சொல்லட்டும். அப்பாவுக்கு வேண்டியது அவ்வளவுதான். அம்மா செத்த பிறகு ஒருநாள் கிடங்குக்குப் போனார். சாயம் போன சட்டையைப் பார்த்து வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஒரு மாதம் கழித்து ஒரு சாயங்காலம், கொடியில் காய்ந்த நீலக் கோட்டுச் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு கிளம்பினார். தன் மனைவி திருடி இல்லை என்று சொல்ல வைப்பதற்கு, அடுத்தவர் சட்டையைப் போட்டுக்கொண்டு போனார். இவள் வாசலில் நின்று பார்த்தாள். பின்னாலிருந்து பார்த்தால் படித்த மனிதர் மாதிரியே இருந்தது. அவளுக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

திரும்பி வரும்போது நல்ல மழை. உடம்பில் பனியன் மட்டும்தான். "சட்டை நனைஞ்சிடுச்சு. ஊறப் போட்டிருக்கேன்" என்றார்.

வார முடிவில் பக்கத்தை முடிக்கும்போது எடைக்காரர் வீட்டு வரியில் ஒன்பது உருப்படிக்கு எட்டு டிக்தான் இருந்தது. எட்டாவது உருப்படி, நீலக் கோடு முழுக்கைச் சட்டை ஒன்று, வெறுமனே நின்றது. எப்படியும் அப்பா துவைத்துக் கொண்டுபோய்க் கொடுத்திருப்பார். பக்கம் மூளியாக இருப்பது அவளுக்கு ஆகாது.

"எடைக்காரர் வீட்டுச் சட்டை எங்கப்பா?"

"குடுத்தாச்சு. டிக் போடு."

போட்டாள். அந்த வரியில் ஏற்கெனவே இருந்தது மற்ற எட்டும் திரும்பிப் போன தேதி, அப்பா கிடங்குக்குப் போனதற்கு முந்தின நாள். மூன்றாம் நாள் போலீஸ் வந்து நோட்டை எடுத்துக்கொண்டு போனது. அப்பா படிக்கத் தெரியாதவர். காலருக்குள் என்ன இருக்கிறது என்று ஒருநாளும் திருப்பிப் பார்த்ததில்லை. குறியெல்லாம் மகள் பாடு. அதனால்தான் சட்டையைக் கழற்றிச் சாக்கடையில் திணித்தபோது அது யார் வீட்டைக் காட்டிக் கொடுக்கும் என்று அவருக்குத் தோன்றியிருக்காது. தெரிந்த பிறகும் அவர் வாயைத் திறக்கவில்லை. கோர்ட்டுக்குப் போகும் அன்று காலையில் மகளிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு."

இந்தக் குறி நீ போட்டதா என்று கேட்டார்கள். ஆமாங்க என்றாள். டிக் போட்டால் துணி கொடுத்தாச்சு என்று அர்த்தமா என்று கேட்டார்கள். ஆமாங்க என்றாள். இரண்டும் உண்மை. உன் அப்பா அன்றைக்கு என்ன சட்டை போட்டிருந்தார் என்று ஒருவரும் கேட்கவில்லை. வீட்டில் ஒரு எட்டு வயதுப் பையன் சோற்றுத் தட்டோடு உட்கார்ந்திருந்தான். அப்பாவும் போய்விட்டால் அவனை அநாதை விடுதிக்கு அனுப்பிவிடுவார்கள் என்று அவளுக்குத் தெரியும். ஜட்ஜ் நோட்டைப் புரட்டிப் பாராட்டினார். கூண்டிலிருந்த எடைக்காரர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அதன்பிறகு அப்பா இருபத்தெட்டு வருஷம் உயிரோடு இருந்தார். ஒருநாள்கூட அதைப் பற்றிப் பேச்செடுக்கவில்லை. அடுத்தவர் துணியைத் தொட்டுப் போடவும் இல்லை.

தம்பி வைத்துப் போன கேஸ் கட்டை மூன்று நாள் விரல் வைத்து, வரி விடாமல் படித்தாள். இருநூற்றுப் பதினாறு பக்கம். புரியாத சொற்களைப் பென்சிலால் வட்டமிட்டாள். நூற்று நாற்பதாம் பக்கத்தில் எடைக்காரரின் மனைவி சொன்ன சாட்சியம் இருந்தது. 'சட்டை திரும்பி வந்ததா' என்ற கேள்விக்கு, 'வரவில்லை என்றுதான் நினைத்தேன். நோட்டில் அப்படி எழுதியிருந்தால் எனக்குத்தான் ஞாபகம் இல்லாமல் இருக்கும்' என்று பதில்.

கடைசிப் பக்கம் வரை முடித்துவிட்டு மறுபடி அந்தப் பக்கத்துக்கே வந்தாள். புதன்கிழமை தம்பியை வரச்சொன்னாள்.

எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள். சட்டை, மழை, பனியன், டிக். முடித்ததும் அவன் கேட்ட முதல் கேள்வி:

"இதை வேற யார்கிட்டயாவது சொன்னியா?"

அப்பாவா செய்தார் என்று கேட்பான், இத்தனை வருஷம் நீ தனியாகவா வைத்துக்கொண்டிருந்தாய் என்று கேட்பான் என்றெல்லாம் மூன்று நாளாக நினைத்து வைத்திருந்தாள். இந்தக் கேள்வி அவள் கணக்கிலேயே இல்லை.

"சொல்லல."

"நல்லது. சொல்லாத." எழுந்து ஜன்னல் வரைக்கும் போய்விட்டு வந்தான். "அக்கா, நான் முதல்ல சொன்னதையே வெச்சுக்கலாம். கை தவறி டிக் விழுந்துடுச்சு. அவ்வளவுதான். அப்பா பேரு எதுக்கு இதுல?"

"அப்படிச் சொன்னா எடைக்காரர் பண்ணலன்னு எழுதுவாங்களா?"

அந்தமட்டுக்கு அவனிடம் நேர்மை இருந்தது. "சந்தேகம்னு எழுதலாம். பண்ணலன்னு எழுத மாட்டாங்க."

"அப்ப அந்தப் பொண்ணுக்கு என்ன பிரயோஜனம்?"

"அந்தப் பொண்ணைப் பத்திக் கவலைப்படற, என்னைப் பத்தி? பட்டியல்ல என் பேரு இருக்குக்கா. கொலைகாரன் மகன், பொய்ச்சாட்சியோட தம்பி, அவனே கேஸை எடுத்து நடத்தறான்... ஊரு கைகொட்டிச் சிரிக்கும்."

"நான் பொய் சொல்லலடா. கேட்டதுக்குப் பதில் சொன்னேன்."

"எட்டாங்கிளாஸ் படிச்சிட்டு எனக்குச் சட்டம் சொல்லாத!"

சொன்னபிறகு அவனுக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. காகிதக் கட்டை எடுத்துக்கொண்டு, "யோசிச்சுச் சொல்றேன்" என்று இறங்கிப் போனான். அம்மா கிடங்கு வேலைக்குப் போனதால், சின்னப் பிள்ளையாக இருந்த அவனைப் பார்த்துக்கொள்ளத்தான் அவள் எட்டாம் வகுப்போடு நின்றாள் என்று அவனுக்குத் தெரியாமல் இல்லை.

அடுத்த வாரம் எடைக்காரர் மகளுக்குக் கேஸ் கட்டு திரும்பிப் போய்விட்டது. ஆதாரம் போதாது, நாள் கடந்துவிட்டது என்று ஒரு கடிதம். தம்பியின் குமாஸ்தா துணி வாங்க வந்தபோது பேச்சுவாக்கில் சொல்லிவிட்டுப் போனார். அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். கடையைப் பூட்டினாள்.

எடைக்காரர் மகள் ஒரு மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை செய்தாள். நாற்பது வயதிருக்கும். ஊசிபோன்ற திருப்புளியால் ஒரு கண்ணாடியின் காதுக்காலை முறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிராமலே, "டோக்கன் குடுங்கம்மா" என்றாள்.

"டோக்கன் இல்ல. நான் சலவைக்கடை."

திருப்புளி நின்றது.

கடையின் பின்பக்கம், கண்ணாடி தேய்க்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் இரண்டு முக்காலி. மைக்காரம்மா நின்றுகொண்டே சொல்லி முடித்தாள். அந்தப் பெண் கையிலிருந்த துடைப்புத் துணியை நாலாக மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

"எங்கம்மா எட்டுதான் வந்துச்சுன்னு எண்ணியிருக்காங்க" என்றாள். "எட்டு வந்துச்சு, ஒண்ணு வரலன்னு. போலீஸ் உங்க நோட்டைக் கொண்டாந்து காட்டினதும் தனக்குத்தான் புத்தி மழுங்கிடுச்சுன்னு நெனச்சுட்டாங்க. அதுக்கப்புறம் அடுப்பை அணைச்சோமான்னு நாலு தடவை எழுந்துபோய்ப் பாப்பாங்க. கதவைப் பூட்டிட்டுப் பாதி வழி போய்த் திரும்பி வருவாங்க. ஜெயிலுக்கு ஒரு தடவைகூடப் போகல. சாகற வரைக்கும் அப்பாதான் பண்ணாருன்னு நெனச்சாங்க. வீட்டு மனுஷனைவிட உங்க நோட்டை நம்பினாங்க."

"நான்... என்னை..."

"அதெல்லாம் வேணாம்." துணியை இயந்திரத்தின் மேல் வைத்தாள். "எழுதிக் குடுப்பீங்களா, மாட்டீங்களா?"

"குடுக்கறேன்."

"உங்க தம்பி?"

"அவனைக் கேக்கல."

வேறொரு வக்கீல் அம்மாள் மனு எழுதினார். மைக்காரம்மா தன் வாக்குமூலத்தைத் தானே கைப்பட எழுதினாள். ஒன்பது பக்கம், அடித்தல் திருத்தல் இல்லாமல். தாக்கல் செய்த அன்றைக்கே தம்பி வந்தான். கடைக்குள் வரவில்லை, வாசலிலேயே நின்றான். வரிசையில் இரண்டு வாடிக்கையாளர்கள் இருந்தார்கள்.

"என்னை வளர்த்தேன், வளர்த்தேன்னு ஊரெல்லாம் சொல்லிட்டிருந்தியே. இப்படி இழுத்துக் கீழ போடறதுக்குத்தானா?"

"உள்ள வாடா. உக்காந்து பேசலாம்."

"ஒரு தப்பு பண்ணிட்டேன்னு சொல்ல உனக்கு வாய் வரல. அதுக்குப் பதிலா அப்பாவைக் கொலைகாரன்னு சொல்ல வாய் வந்துடுச்சு. உன் திமிர்தான்க்கா இது!"

அவன் சொன்னதில் பாதி உண்மை இருந்தது. கை தவறியது என்று சொல்வது தனக்கு ஏன் அத்தனை கசந்தது என்று அவளும் தன்னைக் கேட்டுப் பார்த்திருக்கிறாள்.

விசாரணை நாலு மாதம் நடந்தது. அரசு வக்கீல் கூண்டில் நிறுத்தி, "அன்னைக்கு மறைச்ச நீங்க இன்னைக்கு மட்டும் உண்மை சொல்றீங்கன்னு எப்படிம்மா நம்பறது?" என்று கேட்டார். "நம்பாம இருக்கறது உங்க இஷ்டம்ங்க. ஆனா எழுதிக்குங்க" என்றாள். தீர்ப்பு வந்தது. எடைக்காரர் குற்றவாளி இல்லை. அதே தீர்ப்பில் அவளைப் பற்றியும் ஒரு வரி இருந்தது: இந்தச் சாட்சி, தான் அறிந்ததை முப்பத்துநாலு ஆண்டுகள் மறைத்தவர், இவருடைய சொல்லை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய இயலாது, எனினும் எடைக்காரரின் மனைவி அளித்த பழைய சாட்சியத்துடன் இது ஒத்துப்போகிறது.

எடைக்காரர் மகள் தீர்ப்பின் நகல் ஒன்றைக் கொண்டுவந்து மேசை மேல் வைத்தாள். "வந்துடுச்சு" என்றாள். உட்காரச் சொன்னதற்கு, கடைக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டாள். வாடிக்கையாளர்களும் மாறிப்போனார்கள். நோட்டைக் கேட்காமலே, அவள் முன்னால் நின்றுகொண்டு, துணியை ஒவ்வொன்றாக எண்ணி வாங்கிக்கொண்டு போனார்கள். எதிர்வீட்டு டெய்லர் இப்போதெல்லாம் சீண்டுவதில்லை. தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுகிறார்.

நீதிபதிப் பட்டியல் வெளியானது. தம்பி பேர் அதில் இல்லை.

செய்தி தெரிந்த மறுநாள் காலை அவன் வீட்டுக்குப் போனாள். மூன்றாவது மாடி. ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று மூச்சு வாங்கினாள். தம்பி மனைவி கதவைப் பாதி திறந்தாள். பின்னால் செருப்புத் தட்டில் அவனுடைய பழுப்பு நிறச் செருப்பு கிடந்தது.

"அவரு இல்லையேக்கா. வெளிய போயிருக்காரு."

"எப்ப வருவான்?"

"தெரியலக்கா. சொல்லிட்டுப் போகல." அந்தப் பெண் கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள்.

உள்ளே அறையில் யாரோ இருமினார்கள். அடக்கப் பார்த்து, முடியாமல், இரண்டு மூன்று தடவை. நெஞ்சில் சளி கட்டிய இருமல். ஏழு வயதிலிருந்து வருஷம் ஒரு தடவையாவது வருவது. ராத்திரி முழுக்க மடியில் போட்டுத் தட்டிக்கொடுத்த இருமல் அவளுக்கா தெரியாது?

தம்பி மனைவியின் முகம் வெளிறிவிட்டது.

"வந்தான்னா வெந்நீர்ல உப்புப் போட்டுக் கொப்பளிக்கச் சொல்லு" என்றாள் மைக்காரம்மா. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, பார்த்துப் பார்த்துப் படியிறங்கத் தொடங்கினாள்.